எச்டி ஃபிளாப்பியை டிடி டிரைவில் போட்டால் என்ன ஆகும்? குன்னூரில் ஓர் அட்டாரியோடு செய்து பார்த்தது

டபுள் டென்சிட்டி (டிடி) ஃபிளாப்பி, அதாவது 720 கேபி கொள்ளும் மூன்றரை அங்குல டிஸ்க், கடைகளிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1.44 எம்பி கொள்ளும் ஹை டென்சிட்டி (எச்டி) டிஸ்க் அப்படி இல்லை. சோனி 2011-இல் ஜப்பானில் விற்பனையை நிறுத்திய பிறகும், பழைய ஸ்டேஷனரிக் கடைகளின் மேல்தட்டில் பிரிக்காத பெட்டிகளாக அது இன்னும் அகப்படுகிறது. அதனால் பழைய கம்ப்யூட்டரோ ஃபிளாப்பி வைத்த மியூசிக் கீபோர்டோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எச்டி டிஸ்கை டிடி டிரைவில் போட்டால் ஓடுமா?

“எச்டி டிஸ்கின் மூலை ஓட்டையை டேப் போட்டு மூடு, ஓடும்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஓடத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு காலம் ஓடும், எதை அதை நம்பி வைக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. அட்டாரி 1040 எஸ்டி என்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்று பழுதுக்கு வந்தபோது இதை நிதானமாகச் சோதித்துப் பார்க்க முடிந்தது. பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த மெஷின் மேல் குன்னூரில் இருக்கும் ஓர் இசை ஆசிரியருடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். வெளிநாட்டில் வேலை பார்த்த மச்சான் தொண்ணூறுகளில் கொண்டுவந்து கொடுத்தாராம். 8 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000 பிராசசர், 1 எம்பி ராம், உள்ளேயே ஒரு டிடி டிரைவ். இவற்றையெல்லாம் விட முக்கியம், மின்னணு இசைக்கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மிடி இன், மிடி அவுட் சாக்கெட் இரண்டும் பெட்டியிலேயே இருப்பது. தனியாக கார்டு எதுவும் வாங்காமல் கீபோர்டை நேராகச் சொருகலாம் என்பதால்தான் அந்தக் காலத்தில் இசைக்காரர்கள் இதைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். மாஸ்டரும் கிறிஸ்துமஸ் கீதங்கள், கல்யாணப் பாட்டுகள், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், திருவிழாவுக்குப் பாடும் படகப் பாட்டுகளுக்கான பின்னணி என்று முப்பது வருட உழைப்பை இதில் ஏற்றி வைத்திருந்தார். எல்லாமே டிடி டிஸ்குகளில், மரப்பெட்டிக்குள்.

“மெஷின் போனா போகுது தம்பி. பாட்டு போகக் கூடாது” என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியை என் மேஜையில் வைத்தார்.

டிரைவில் பெரிய கோளாறு இல்லை. படித்து எழுதும் ஹெட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுத் தண்டில் கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. குளிர் காலக் காலைகளில் டிராக், அதாவது டிஸ்கில் தகவல் பதியும் வட்டம், மாறும்போது அது திணறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்து, புதிதாக மிக மெல்லியதாகத் தடவினேன். ஹெட் இரண்டையும் துடைத்தபோது பஞ்சில் காவி நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. டிஸ்கின் காந்தப் பூச்சு உதிர்ந்து ஹெட்டில் படிந்திருக்கிறது. பிரச்சினை டிஸ்கில்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மலையில் இருப்பவர்களுக்குப் பூஞ்சணத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கேமரா லென்ஸ், தோல் பெட்டி, ஆர்மோனியத்தின் துருத்தி எதையும் அது விடாது. ஃபிளாப்பியில் அது இருக்கிறதா என்று பார்க்க, ஷட்டரை, அதாவது டிஸ்கின் நகரும் மூடியை, கட்டை விரலால் ஒதுக்கிப் பிடித்து, பின்பக்கத்து உலோக வட்டை மெதுவாகச் சுற்ற வேண்டும். விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், பளபளப்பின் மேல் மிளகு அளவுக்கு மங்கலான வட்டங்கள் தெரியும். அப்படி ஒரு டிஸ்கைத் துடைக்காமல் டிரைவில் தள்ளினால் அந்த டிஸ்கும் கெடும், ஹெட்டில் ஒட்டிய அழுக்கு அடுத்து போடும் நல்ல டிஸ்கையும் கீறும். இது ஃபிளாப்பி வைத்திருக்கும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய விஷயம். பழைய டிஸ்கை ஆசையோடு எடுத்து உடனே டிரைவில் போடாதீர்கள், முதலில் ஷட்டரை ஒதுக்கிப் பாருங்கள்.

பூஞ்சணம் பிடித்தவற்றை இப்படிக் காப்பாற்றினேன். ஷட்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் கூட்டின் ஓரத்தில் மெல்லிய தகட்டை விட்டு நெம்பினால் கூடு இரண்டாகப் பிரியும். உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை உலோக நடுப்பகுதியைப் பிடித்தே எடுக்க வேண்டும், பூச்சின் மேல் விரல் படக் கூடாது. நூல் உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல், வட்டப்போக்கில் துடைத்து, காற்றில் உலரவிட்டேன். பழைய கூட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மென்துணியிலும் பூஞ்சணம் ஏறியிருக்கும் என்பதால் அந்தக் கூட்டை மறுபடி பயன்படுத்தவில்லை. ஒரு புது எச்டி டிஸ்கைப் பிரித்து, அதன் சுத்தமான கூட்டில் இந்தத் தகட்டை வைத்து மூடினேன். அளவு இரண்டுக்கும் ஒன்றே. அட்டாரி அதைத் தயங்காமல் படித்தது. படித்ததும் ஒவ்வொன்றையும் உடனே நகல் எடுத்தாக வேண்டும். எதில் எடுப்பது? கையில் இருந்தது எச்டி டிஸ்குகள் மட்டுமே. இங்கேதான் விஷயமே தொடங்குகிறது.

முதலில் அந்த ஓட்டை. மூன்றரை அங்குல டிஸ்கில் ஒரு மூலையில் எழுதாமல் தடுக்கும் நகர்த்திக் கதவு இருக்கும். எச்டி டிஸ்கில் அதற்கு நேர் எதிர் மூலையில் கதவில்லாத இன்னொரு சதுர ஓட்டை. பீசியில் இருக்கும் எச்டி டிரைவ் ஒரு சின்ன சுவிட்சை வைத்தோ, சிலவற்றில் ஒளியை வைத்தோ, அந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எச்டி, இல்லையென்றால் டிடி. அட்டாரியில் இருப்பது அசல் டிடி டிரைவ். அதில் ஓட்டையைப் பார்க்கும் உறுப்பே கிடையாது. ஆகவே டேப் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அட்டாரிக்கு ஒன்றுதான். டேப் ஒட்டுவது பீசிக்காக. அட்டாரியில் 720 கேபியாக எழுதிய எச்டி டிஸ்கை ஓட்டை திறந்தபடி பீசியில் போட்டால், பீசி அதை 1.44 என்று நினைத்துப் படிக்கப் பார்த்து, ஃபார்மேட் செய்யவில்லை என்று சொல்லிவிடும். அந்த நேரத்தில் பயந்துபோய் ஃபார்மேட் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ஓட்டையை மூடிவிட்டுப் போட்டால் ஃபைல்கள் தெரியும்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தடிமன் கூடுதல், வெயில் காலத்தில் பசை கசிந்து டிரைவுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒளியால் பார்க்கும் டிரைவ்களை ஒளி ஊடுருவும் செல்லோ டேப் ஏமாற்றாது. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி பெட்டியோடு வரும் வெள்ளி நிற ஸ்டிக்கர் கிடைத்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை இரண்டு மடிப்பாக, இரு பக்கமும் ஓரம் நன்றாக அமுங்கும்படி ஒட்டினால் போதும்.

ஓட்டைக் கதை அவ்வளவுதான். நிஜமான வேறுபாடு பூச்சில் இருக்கிறது, அதை டேப் மாற்றாது.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணன் ஊட்டி இந்துநகர் பிலிம் ஃபேக்டரியில் பூச்சுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு டிஸ்கையும் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடித்தளம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், பாலியஸ்டர். மேல பூசினதுதான் வேற. இது மெல்லிசு, ரொம்ப நைஸா அரைச்சது” என்று எச்டியைக் காட்டினார். டிடி டிஸ்கின் நிறம் காவி கலந்த பழுப்பு. எச்டியினுடையது ஏறக்குறையக் கறுப்பு. எழுதியிருப்பதைப் படிக்காமல் நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம் என்றார். அதன்பிறகு என் பெட்டியில் லேபிள் இல்லாத டிஸ்குகளையெல்லாம் அப்படித்தான் பிரித்தேன், கூட்டின் ஓட்டையும் ஒவ்வொன்றாக ஒத்துப்போனது.

அவர் கண்ணால் சொன்னது எண்களிலும் அப்படியே இருக்கிறது. டிடியின் பூச்சு தடிப்பானது, எச்டியினுடையது அதில் ஏறக்குறையப் பாதி. ஒரு பூச்சில் ஏற்கெனவே பதிந்த காந்தத்தை அழிக்க எவ்வளவு எதிர்ப்புலம் தேவை என்பதைப் பள்ளிப் பாடத்தில் காந்த நீக்குத்திறன் என்று படித்திருப்போம். மூன்றரை அங்குல டிடிக்கு அது சுமார் 600 ஓர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு), எச்டிக்கு 700-ஐ ஒட்டி. அதாவது எச்டி டிஸ்கில் எழுதவும் அழிக்கவும் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். டிடி டிரைவின் ஹெட்டும் அதற்குப் போகும் மின்னோட்டமும் 600-ஐ மனதில் வைத்துச் செய்தவை. எழுதுவதற்கு அது எப்படியோ போதும், எழுதியும் விடும். ஏற்கெனவே அழுத்தமாக எழுதியிருப்பதை முழுசாக அழிக்கத்தான் அதற்குத் தெம்பு போதாது.

இந்தக் கடைசி விஷயம்தான் நிறையப் பேருக்குக் காலை வாரிவிடுகிறது. வீட்டில் கிடக்கும் எச்டி டிஸ்குகளில் பெரும்பாலானவை பீசியில் 1.44 எம்பியாக ஃபார்மேட் செய்து வந்தவை. பெட்டியில் புதிதாக வாங்கினாலும் பலவற்றில் ஃபார்மேட் செய்தே விற்றிருப்பார்கள். அந்தப் பதிவின் மேல் டிடி டிரைவ் எழுதும்போது அடியில் பழையது மிச்சம் நிற்கிறது. நேற்றைய கோலத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிக்காமல், அதன் மேலேயே இன்றைக்குப் புள்ளி வைத்தது போலத்தான். போட்டவருக்கு வரி தெரியும், வருகிறவருக்குக் குழப்பம்.

சரி, சோதனை. எச்டி டிஸ்குகளை மூன்று கட்டாகப் பிரித்துக்கொண்டேன். பெட்டியில் ஃபார்மேட் செய்யவில்லை என்று அச்சிட்டிருந்த புது டிஸ்குகள் ஒரு கட்டு. பீசியில் பலமுறை பயன்படுத்திய பழையவை ஒரு கட்டு. அதே மாதிரிப் பழையவற்றையே காந்தத்தால் முழுசாக அழித்தவை மூன்றாவது கட்டு. ஒப்பிட்டுப் பார்க்க, மாஸ்டரிடம் மிச்சம் இருந்த அசல் டிடி டிஸ்குகள் சில.

அழிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஸ்பீக்கர் காந்தத்தைத் தேய்த்தால் போதும் என்பார்கள். வேண்டாம். நிலைக் காந்தம் பூச்சு முழுவதையும் ஒரே திசையில் காந்தமாக்கிவிடும். பழைய பதிவு போகும், ஆனால் அதன் இடத்தில் இரைச்சல் கூடிய ஒரு தரை வந்துவிடும். தேவை மாறுதிசை மின்சாரத்தால் வரும் புலம். அது நொடிக்கு 100 முறை திசை மாறும். டிஸ்கை மெதுவாக அதிலிருந்து விலக்கும்போது புலம் சிறிது சிறிதாகக் குறைந்து, எந்தத் திசையிலும் சாயாத நிலையில் பூச்சு நிற்கும். டிவி மெக்கானிக் எல்லோரிடமும் பிக்சர் டியூபில் கலர் கறை எடுக்கும் வட்டமான டீகாசிங் காயில் இருக்கும். முதலில் அதைத்தான் எடுத்தேன். சுற்றிச் சுற்றிக் காட்டியும் பீசி பழைய ஃபைல்களைச் சிரமமில்லாமல் படித்தது. அந்தக் காயில் ஒரு பெரிய கண்ணாடித் திரைக்காகச் செய்தது, புலம் அகலமாகப் பரவிவிடும். 700 ஓர்ஸ்டெட்டை அசைக்கும் அளவுக்கு ஓரிடத்தில் குவியாது.

கை கொடுத்தது வேறு ஒன்று. முன்பு பஜாரில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்த ஒருவர் பரணிலிருந்து பல்க் இரேசரை, அதாவது கேசட்டை மொத்தமாக அழிக்கும் கருவியை, எடுத்துக் கொடுத்தார். செங்கல் அளவு, நல்ல கனம், உள்ளே தகடு தகடாக இரும்பு உள்ளகம். சுவிட்சைப் போட்டால் ஒரு உறுமல், மேலே ஸ்குரூடிரைவரை வைத்தால் விரல்வரை அதிரும். மேஜையை விட்டு மற்ற டிஸ்குகளையும் கேசட்டுகளையும் அறையின் மறுபக்கம் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். டிஸ்கை அதன் மேல் தட்டையாக வைத்து மெதுவாக வட்டமாக நகர்த்தி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே செய்து, சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டும் தூரம் வரைக்கும் டிஸ்கை நிதானமாக விலக்கி, அதற்கப்புறம்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். டிஸ்க் மேலே இருக்கும்போது அணைத்தால் அணைந்த அந்த நொடியின் திசையில் ஒரு காந்த அச்சு பதிந்துவிடும். தொடர்ந்து ஓட்டினால் காயில் சூடேறும், அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்தேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து ஒரு பக்கத் தகடுகளை உருவிவிட்டு இதே வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. 230 வோல்ட்டோடு விளையாடிப் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எல்லாக் கட்டுகளையும் அட்டாரியிலேயே ஃபார்மேட் செய்தேன். இரண்டு பக்கம், 80 டிராக், டிராக்குக்கு 9 செக்டார் (டிராக்கைப் பிரிக்கும் துண்டுகள்), ஆக 1440 செக்டார். எல்லாமே ஃபார்மேட் ஆகி, 726016 பைட் காலி என்று காட்டின. இதே இடத்தில் பெரும்பாலானவர்கள் திருப்தியடைந்து, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாட்டு ஃபைல்களை நிறைய எழுதி உடனே படித்துப் பார்த்தபோதும் அழிக்காத கட்டில்கூட ஓரிரு டிஸ்குகள்தான் முனகின.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க கிரீஸ்வீசில் போர்டைப் பயன்படுத்தினேன். அது டிஸ்கில் காந்தத் திசை மாறும் இடங்களுக்கு இடையே இருக்கும் நேரத்தை அப்படியே அளந்து கொடுக்கும். டிடி பதிவில் அந்த இடைவெளிகள் 4, 6, 8 மைக்ரோசெகண்டாகத்தான் இருக்க வேண்டும், எச்டியில் அதில் பாதி, 2, 3, 4. வரைபடம் போட்டால் டிடி டிஸ்கில் மூன்று கூர்மையான முகடுகள், நடுவே சுத்தமான பள்ளம். மாஸ்டரின் அசல் டிஸ்குகளில், அத்தனை வருடம் கழித்தும், பூஞ்சணத்தைத் துடைத்த பிறகு, அப்படித்தான் இருந்தது. காந்தத்தால் அழித்துவிட்டு எழுதிய எச்டியிலும் மூன்று முகடு நன்றாகத் தெரிந்தது, அடி கொஞ்சம் அகலம். அழிக்காமல் எழுதியதில் முகடுகள் சரிந்து, பள்ளம் பாதி நிரம்பி, இடதுபக்கம் 2, 3 மைக்ரோசெகண்டுக்கு அருகே புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அங்கே எதுவுமே இருக்கக் கூடாது. பழைய எச்டி பதிவின் மிச்சம் அது. வெளிப்புறத்து டிராக்குகளில் குறைவு, உள்ளே 60-க்கு மேல் போகப் போக அதிகம். காரணம் நேரடியானது. டிஸ்க் நிமிடத்துக்கு 300 சுற்று ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. உள் வட்டம் சின்னது, அதே அளவு தகவல் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பலவீனம் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். எச்டி டிஸ்கை நம்பலாமா என்று சோதிக்கிறவர்கள் கடைசி டிராக்குகள் வரை டிஸ்கை நிரப்பிச் சோதிக்க வேண்டும். இரண்டு சின்ன ஃபைலை எழுதிப் படித்துப் பார்ப்பது எதையும் சொல்லாது.

அப்புறம் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, வேண்டுமென்றே சிலிக்கா ஜெல் எதுவும் வைக்காமல், வடகிழக்குப் பருவமழை முடியும்வரை விட்டுவிட்டேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், துணி காய நாள் கணக்காகும். டிஸ்குக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறு கிடையாது.

மார்கழியில் எடுத்துப் படித்தபோது அசல் டிடி டிஸ்குகள் அப்படியே இருந்தன. காந்தத்தால் அழித்து எழுதிய எச்டி கட்டு ஏறக்குறைய முழுவதும் படித்தது, ஓரிரண்டில் உள் டிராக்கில் ஒரு செக்டார் இரண்டாம் முறை முயன்றபோது வந்தது. ஃபார்மேட் செய்யாத புதுக் கட்டும் அதே நிலைதான். அழிக்காத பழைய கட்டில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு ஃபைலைத் தொலைத்திருந்தது. எழுதிய அன்று எல்லாமே ஒன்றாகத் தெரிந்த டிஸ்குகள் இவை.

இதிலிருந்து நான் கடைப்பிடிப்பது: எச்டி டிஸ்கை டிடி டிரைவில் பயன்படுத்தலாம், ஆனால் ஃபார்மேட் செய்யாத புதிது அல்லது பல்க் இரேசரில் அழித்தது மட்டும். அதுவும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஃபைலைக் கொண்டுபோக, வேலை நேரத்தில் பயன்படுத்த. அதன் மேல் ஒரே நகலாக எதையும் வைக்க மாட்டேன். அசல் டிடி டிஸ்க் கையில் இருந்தால் அதில் விளையாட்டு ஃபைல்களைப் போட்டு வீணாக்காமல், முக்கியமான வேலைக்கு எடுத்து வையுங்கள். அவை இனி வரப் போவதில்லை.

பீசியில் தயார் செய்து அட்டாரிக்குக் கொண்டுபோகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அட்டாரியின் பழைய ரோம்களில் (உள்ளேயே பதிந்த இயக்க நிரல்) ஃபார்மேட் செய்த டிஸ்கை பீசி சில நேரம் ஏற்காது, முதல் செக்டாரில் பீசி எதிர்பார்க்கும் சில விவரங்கள் அதில் இருக்காது. பீசியில் 720 கேபியாக ஃபார்மேட் செய்ததை அட்டாரி பிரச்சினை இல்லாமல் ஏற்கும். ஆகவே இரண்டு பக்கமும் போய்வரும் டிஸ்கை பீசியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், டேப் ஒட்டிய பிறகு. விண்டோஸ் எக்ஸ்பியில் 720 என்று நேரடியாகக் கேட்க முடியாது, 80 டிராக், 9 செக்டார் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். லினக்ஸில் யூஎஸ்பி டிரைவுக்கு யூஎஃப்ஐஃபார்மேட் என்ற சின்ன நிரல் இருக்கிறது, அதில் 720 என்று கொடுத்தால் செய்துவிடும். யூஎஸ்பி டிரைவ் வாங்குமுன் ஒரு டிடி டிஸ்கை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். பலவற்றுக்கு 1.44-ஐத் தவிர வேறெதுவும் தெரியாது.

இன்னொரு சூழ்நிலையும் அடிக்கடி வரும். அசல் டிடி டிரைவ் செத்துப்போய், அதன் இடத்தில் பீசியின் எச்டி டிரைவைப் பொருத்தியிருப்பார்கள். அப்போது டேப் விஷயம் தலைகீழாகிவிடும். இந்த டிரைவில் ஓட்டையைப் பார்க்கும் சுவிட்ச் உண்டு. ஓட்டை திறந்திருந்தால் டிரைவ் தானாக எச்டி நிலைக்கு மாறும், ஆனால் அட்டாரியின் கன்ட்ரோலர் நொடிக்கு 250 கிலோபிட் என்ற டிடி வேகத்தில்தான் தகவலை அனுப்பும். இரண்டும் ஒத்துப்போகாமல் எழுதும்போதும் படிக்கும்போதும் தடுமாறும். இங்கே டேப் கட்டாயம். டிரைவுக்குள் அந்தச் சுவிட்சையே நிரந்தரமாக டிடி நிலையில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு, அது இன்னும் நல்லது. டிரைவ் எண்ணை மாற்றும் ஜம்பரையும் பார்க்க வேண்டும். பீசி டிரைவ்கள் முறுக்கிய கேபிளை எதிர்பார்த்து இரண்டாவது டிரைவாக அமைக்கப்பட்டிருக்கும், அட்டாரிக்கு முதல் டிரைவாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் மூன்றரை அங்குலத்துக்கு மட்டும். ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸிலிருந்து பீசி எக்ஸ்டி ஒன்றோடு ஐந்தேகால் அங்குல டிஸ்குகள் வந்தன, 1.2 எம்பி டிஸ்கை 360 கேபி டிரைவில் போட்டால் என்ன என்று கேட்டார்கள். அங்கே இந்தக் கதை செல்லாது. ஐந்தேகால் அங்குல டிடிக்கு நீக்குத்திறன் சுமார் 300 ஓர்ஸ்டெட், எச்டிக்கு 600. நேராக இரண்டு மடங்கு. டிடி டிரைவின் ஹெட் அதில் ஒழுங்காக எழுதவே எழுதாது. ஃபார்மேட் ஆனாலும் அன்று மாலைக்குள் படிக்காமல் போகலாம். பல்க் இரேசரும் அங்கே உதவாது. நடுத்துளையைச் சுற்றி வலுவூட்டும் வளையம் இருந்தால் பெரும்பாலும் 360 கேபி டிஸ்க், இல்லாவிட்டால் 1.2 எம்பி. லேபிள் போனாலும் அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

மாஸ்டரின் பாட்டுகள் முழுவதும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. என் கம்ப்யூட்டரில் டிஸ்க் இமேஜ்களாக, அவர் பேரன் வைத்திருக்கும் பென்டிரைவில், மிச்சமிருந்த நல்ல டிடி டிஸ்குகளில். டிரைவுக்குப் பதிலாக, ஃபிளாப்பி டிரைவைப் போலவே நடந்துகொள்ளும் கோடெக் எமுலேட்டரைப் பொருத்தி பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம் என்று சொன்னேன். “அதையும் செய் தம்பி, ஆனா டிஸ்க் போட்டாத்தான் எனக்கு எந்தப் பாட்டு எங்கேன்னு கைக்குத் தெரியும்” என்றார். அதனால் கோடெக்கை வெளி டிரைவ் சாக்கெட்டில் இரண்டாவது டிரைவாகப் பொருத்தியிருக்கிறேன், உள்ளே அதே பழைய டிரைவ். அன்றாட ஒத்திகைக்கு அழித்து எழுதிய எச்டி டிஸ்குகள், ஒவ்வொன்றின் லேபிளிலும் எழுதிய மாதமும் “நகல்” என்ற சொல்லும் சிவப்பு மையில். மரப்பெட்டியை நீக்கிவிட்டு மூடி இறுக்கமான டப்பா கொடுத்திருக்கிறேன், உள்ளே சிலிக்கா ஜெல். அதன் நீல மணிகள் நிறம் மாறினால் இரும்புச் சட்டியில் மிதமாகச் சூடேற்றி மறுபடி போட வேண்டும், சமையலுக்கு எடுக்கும் சட்டியில் அல்ல. மழை தொடங்குமுன் எச்டி டிஸ்குகளை ஒருமுறை முழுசாகப் படித்து, முனகுகிறவற்றை அழித்து மறுபடி எழுதிவிடுகிறேன்.